நாற்பதாவது தடவையும் கேட்கிறவர்கள்

குழந்தைப் பாட்டுக்கு வீடியோ எடுக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: பிடித்துப்போனால் பிள்ளை அதை ஒரே நாளில் நாற்பது தடவை பார்க்கும். ஒரு வில்லங்கமும் உண்டு: அந்த நாற்பது தடவையும் பக்கத்தில் தாயோ தகப்பனோ இருந்து கேட்டாக வேண்டும். வீட்டில் மூன்று நாலு வயதுப் பிள்ளை உள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நாமெல்லாம் ஒரே நோய் பிடித்த வருத்தக்காரர்.

நான் மட்டக்களப்பில் கலியாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். தேற்றாத்தீவில் முன்பள்ளி நடத்தும் மாலினி டீச்சர், தானே கட்டிய பாட்டுகளைப் பிள்ளைகளுக்குப் பாடிக்காட்டுவா. அதில் ஒன்றைப் படமாக்கித் தரச் சொல்லி ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு வந்தா. ஒன்று பத்தாகி, பத்து முப்பதாகி, கலியாண வீடுகள் எனக்கு மறந்தே போயின. ஒரு கமெரா, டீச்சரின் குரல், அவவின் கணவர் குணா அண்ணன், முன்பள்ளிப் பிள்ளைகள். அந்த முதல் இரண்டு வருஷம் எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். அப்படி ஒரு காலம் எனக்கு இனி வராது.

சிவப்பு நண்டு

முதல் பாட்டு நண்டுப் பாட்டு. டீச்சர் சிவப்புத் துணியில் பஞ்சடைத்து, பெரிய கண் வைத்து, அருமையாக ஒரு நண்டு தைத்தா. பெரியகல்லாற்றில் வாவிக்கரைக்குக் கொண்டுபோய், முன்னால் நூல் கட்டி இழுத்துப் படம் எடுத்தோம். இணையத்தில் போட்டதும் முன்பள்ளிப் பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். எங்களுக்குக் கால் நிலத்தில் இல்லை.

அடுத்த கிழமை, தோணியில் மீன் பிடிக்கிற ஒருவர் பெரியகல்லாற்றிலிருந்து சைக்கிளில் முன்பள்ளிக்கே வந்துவிட்டார். அவருடைய மகன் வலையில் வந்த நண்டுகளைப் பார்த்து, இது ஒன்றும் நண்டு இல்லை என்று அழுகிறானாம். பாட்டைக் குறை சொல்ல அவர் வரவில்லை. பாட்டு தனக்கும் பாடம் என்று இரண்டு வரி பாடியும் காட்டினார். மறுகா, மெல்லமாக, எங்களை நோகாமல் சொன்னார்: "உங்கட நண்டு சிவப்பா இருக்கு, நேராவும் போகுது. அவிச்ச நண்டு எப்பிடித் தம்பி நடக்கும்?"

ஆறிய தேத்தண்ணி

பல் தீட்டுகிற பாட்டு வெளியான காலத்தில், ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் ஒரு அக்கா ஸ்டூடியோ படியேறி வந்தா. நோயாளிக்கு ஊசி போடும்போது தன்னை அறியாமல் 'தீட்டு தீட்டு பல்லைத் தீட்டு' என்று பாடிவிட்டாவாம். கிழவர் ஒருவர் பொக்கை வாயைத் திறந்து, தன்னிடம் தீட்டுவதற்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டிருக்கிறார். "பாட்டு புள்ளைக்குத்தான், சரி. ஒரு வரியாவது எங்களுக்கு வைக்கக்கூடாதா?" என்றா அக்கா.

டீச்சர் அதை மனத்தில் போட்டுக்கொண்டா. அடுத்தது குளிக்கிற பாட்டு. பிள்ளை வாளித் தண்ணீரை அள்ளி ஊற்ற, தாய் தலையோடு நனைவா. கடைசியில் தாய் தனியாக இருந்து, 'ஆறிப் போன தேத்தண்ணி, அதுவும் எனக்கு அமிர்தமடி' என்று பழைய வானொலிக்கால மெட்டில் இழுத்துப் பாடுவா. பிள்ளைகள் வாளிக்குச் சிரித்தார்கள், தாய்மார் தேத்தண்ணிக்குச் சிரித்தார்கள். பத்து நாள் கழித்து அதே அக்கா போன் எடுத்தா: "தம்பி, இப்ப புள்ள பாட்டைப் பாதியில நிப்பாட்டினா எனக்கெல்லோ கோவம் வருது!"

வெருளி

வயலில் நிற்கும் வெருளிப் பாட்டுக்கு வைக்கோல் பொம்மை சரிவரவில்லை. குணா அண்ணனுக்கே கிழிந்த சட்டையும் சட்டித் தலையும் மாட்டி, கதிர் முற்றிய வயல் வட்டைக்குள் இரண்டு நாள் கைவிரித்து நிற்கவைத்தோம். வெயிலில் மனிதர் வாடிப்போனார். எடுத்து முடித்துக் கமெராவைக் கட்டும்போது வயல்காரர் வரம்பால் ஓடிவந்தார். பயிரை மிதித்ததற்கு ஏசப்போகிறார் என்று நான் மன்னிப்புக் கேட்க வாய் திறக்கமுன் அவர் சொன்னார்: "நாளைக்கும் வாங்க மனே, ரெண்டு நாளா ஒரு குருவி அண்டல்ல."

மெட்டு வராத வாப்பா

ஒரு நாள் காலை காத்தான்குடியிலிருந்து ஒருவர் பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்தார். மகள் பிறந்து நாற்பதாம் நாள் கட்டாருக்குப் போனவர், மூன்று வருஷம் கழித்துத் திரும்பியிருந்தார். மகளுக்கு எங்கள் ஆமைப் பாட்டென்றால் உயிர் என்று மனைவி சொன்னதால், வேலைக்குப் போகிற பஸ்ஸில் தினமும் அதைப் போட்டுக் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தால் பிள்ளை கிட்டவே போகவில்லை. உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு 'மாமா எப்ப போவார்?' என்று கேட்டதாம். "அந்தச் சொல்லைக் கேட்டு வெளிய போய்க் கொஞ்ச நேரம் நிண்டன்" என்றார். மூன்றாம் நாள் பிள்ளையைக் கூப்பிடாமல், அது இருந்த பக்கமே பார்க்காமல், சுவரைப் பார்த்து இருந்துகொண்டு ஆமைப் பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது வரியில் பின்னால் இருந்து 'அப்பிடி இல்ல' என்று ஒரு சத்தம். நாலாவது வரியில் பிள்ளை முன்னால் வந்துவிட்டது. பாட்டு முடிவதற்குள் மடியில் ஏறி, அவர் வாயைப் பிடித்துச் சரியாகப் பாடச் சொல்லிக்கொடுத்தது.

எங்களுக்கும் பாடிக்காட்டினார். மெட்டு உண்மையிலேயே படுமோசம். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தா. அவரும் சிரித்தார்: "எனக்கு மெட்டு வராது டீச்சர். வந்திருந்தா மகள் திருத்த வந்திருக்க மாட்டா."

வெட்டி எடுத்த துண்டு

ரயில் பாட்டில் பன்னிரண்டு பிள்ளைகள் ஒருவர் சட்டையை மற்றவர் பிடித்து ஓடவேண்டும். மதுஷன் என்ற நாலு வயதுப் பையன் ஒவ்வொரு தடவையும் நடுவில் கையை விட்டு 'அம்மா' என்று கத்திக்கொண்டு தாயிடம் ஓடினான். அன்று காலை முழுக்க அவனால் வீண். தாய் வெட்கப்பட்டு, பத்துத் தரம் மன்னிப்புக் கேட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு போனா. பதினொரு பிள்ளைகளோடு பாட்டை முடித்தேன்.

ஏழு வருஷம் கழித்துப் போன மாதம் அந்தத் தாய் வந்தா. மதுஷன் இப்போது தூரத்தில் விடுதியில் நின்று படிக்கிறானாம். லீவில் வந்தாலும் கட்டிப்பிடிக்க விடமாட்டானாம். அன்று எடுத்தது ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டா. பழைய ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் தேடி இரண்டாம் நாள் கண்டுபிடித்தேன். பன்னிரண்டு விநாடி. ரயில் அறுந்து, பிள்ளை ஓடி, கமெராவின் ஓரத்தில் தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். அவ நாலைந்து தரம் போட்டுப் பார்த்தா.

எங்களுக்குக் குற்ற உணர்வாக இருந்தது. இதைப் பாட்டிலேயே சேர்த்துத் திருப்பி வெளியிடுவோமா என்று டீச்சர் கேட்டா. தாய் தலையை ஆட்டினா: "வேணாம் டீச்சர். நல்லா வந்தது ஊருக்கு இருக்கட்டும். கெட்டுப்போனது எனக்கு."

ஏழு வருஷத்துக்கு மேலாகக் குழந்தைகளுக்கென்றே படம் எடுக்கிறேன்; இதுவரை எங்களைத் தேடி வந்த ரசிகர்களில் ஒருவருக்குக்கூட வயது இருபத்தைந்துக்குக் குறைந்ததில்லை.