பழைய பல், புதுச் செயின், நந்தி மலை

மண்ணெண்ணெய் வாசம்...

பெங்களூர் ஜீவனஹள்ளியில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டின் பாத்ரூமில் அந்த வாசம் ஒரு மாதம் போகவே இல்லை. குளிக்கிற மக்கில்தான் சைக்கிள் செயினை ஊறப் போட்டிருந்தேன். ரூம்மேட் ரோஸி அது தெரியாமல் தலைக்கு ஊற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏய் கலா... இப்ப எவனாவது தீக்குச்சி கிழிச்சா என் தல பத்திக்கும்டி."

ரோஸியும் நானும் கே.ஜி.எஃப். தங்கவயல். இரண்டு பேர் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர்கள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த அவளுக்கு அல்சூர் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் வேலை. எனக்கு ஓர் ஆபீசில் டேட்டா என்ட்ரி.

அந்தச் சைக்கிளை சிவாஜிநகரில் பழைய சாமான் விற்கும் குஜிரிக் கடையில், துருப்பிடித்த பீரோக்களுக்கு நடுவில் பார்த்தேன். ரேஸ் சைக்கிள். வளைந்த ஹேண்டில், விரல் பருமனில் டயர், பின்னால் ஐந்து கியர். என்னைவிட வயதில் மூத்தது. பார்த்தவுடன் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் ஆபீசில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டம் நந்தி மலைக்குச் சைக்கிளில் ஏறும். எல்லாம் பளபளவென்று புது வண்டிகள். நானும் வருகிறேன் என்றதும் சுரேஷ் என்பவர் என் சைக்கிளைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தார்.

"கலா மேடம், நீங்க பின்னாடி டெம்போல வந்துருங்க. தண்ணி பாட்டில் புடிக்க ஒரு ஆள் வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளே எரிந்தது.

ஊறப் போட்ட செயின் தேறவில்லை. புதுச் செயின் வாங்கிப் போட்டேன். அது மட்டும்தான். எங்கள் ஊர் வழக்கம் அது... வீணானதை மட்டும் மாற்றுவோம், மற்றதன் மேல் கை வைக்க மாட்டோம். சட்டையில் காலர் கிழிந்தால் காலரை மட்டும் திருப்பித் தைத்த வீடுகள். பின் சக்கரத்துக் கியரைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் காட்டினேன். ஃபிட்டரான ரோஸியே, "இதுக்கு இன்னா கொற, கல்லு மாதிரி கீது" என்றாள்.

நந்தியில் மூன்றாவது வளைவு. எழுந்து நின்று முழு பலத்தோடு மிதித்தேன்.

டக்.

செயின் கியரின் பல்லைவிட்டுத் தாவியது. கால் வெறும் காற்றை மிதித்தது. நான் ரோட்டில் கிடந்தேன், முட்டி முழுக்க ரத்தம். மிச்ச தூரத்துக்கு டெம்போவில்தான் போனேன். மடியில் தண்ணி பாட்டில்கள். சுரேஷ் மேலே வந்து, தேங்க்ஸ் என்று ஒரு பாட்டிலை வாங்கிக்கொண்டார். அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஏறினால் இந்தச் சைக்கிளில்தான், இல்லையென்றால் இனி சைக்கிளே வேண்டாம் என்று ரோஸியிடம் சொன்னேன். அவள் டார்ச்சை எடுத்துக் கியரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னுதுடி. பல்லு பாரு... எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சி, கொக்கி மாதிரி ஆயிருக்கு. பழைய செயினும் அதுவும் சேந்து தேஞ்சதுங்க. புதுசு எப்படி ஒக்காரும்?"

தேடித் தேடிக் கடைசியில் ஒரு பழைய கடையின் மேல் தட்டில் அதே திருகு மரையில் ஐந்து கியர் செட் ஒன்று கிடைத்தது. ஆனால் பழையது கழன்றால்தானே? மிதிக்க மிதிக்க இறுகுகிற சாமான் அது. எனக்கு முன்னால் எத்தனை பேர் எத்தனை வருஷம் மிதித்தார்களோ, அத்தனையும் சேர்ந்து இறுகிப்போயிருந்தது. ஸ்பேனரைப் பிடித்து நான் தொங்கியே பார்த்தேன். அசையவில்லை.

ஒரு லீவு நாளில் ரோஸி ஓனரிடம் சாவி வாங்கி என்னை ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்துப் போனாள். கழற்றுகிற டூலை மேஜை வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவில் இறுக்கினாள். அதன் மேல் சக்கரத்தைக் கவிழ்த்து உட்கார வைத்தாள்.

"டூல திருப்பாதடி. வீல திருப்பு. லாரி ஸ்டேரிங் மாதிரி."

அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ரிம்மைப் பிடித்து மூச்சடக்கித் திருப்பினோம். ஒன்றுமில்லை. மறுபடி... கை வழுக்கியது. மூன்றாவது தடவை 'கடக்' என்று ஒரு சத்தம். ரிம் உடைந்துவிட்டது என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொற. கழண்டுச்சு."

மஞ்சள் பூசிய மாதிரி பழைய கிரீஸ், அதற்குள் புத்தம் புதிதாக மின்னும் மரை. இரண்டு பேரும் கறுத்த கையோடு கட்டிப்பிடித்துக் குதித்தோம். அந்தச் சுடிதார் அதோடு சரி.

அடுத்த ஞாயிறு மறுபடி நந்தி. மூன்றாவது வளைவு வந்தது. எழுந்து நின்று மிதித்தேன். செயின் பல்லில் கப்பென்று பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் என்னை யாரும் நிறுத்த முடியவில்லை. வழியில் சுரேஷ் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அவரைத் தாண்டும்போது, "தண்ணி வேணுமா சார்?" என்று மட்டும் கேட்டேன். கால் ஊன்றாமல் உச்சி வரை ஏறினேன். மேலே மேகம் முகத்தில் ஈரமாகப் பட்டது. இந்த உலகத்தில் எனக்கு மேலே யாருமே இல்லை என்று தோன்றியது.

ரோஸிக்கு ஃபோன் போட்டேன். ஏறிட்டியா என்று அவள் கேட்கவில்லை.

"செயின் தாவுச்சா?"

"ஒரு தடவகூட இல்லடி."

அந்தப் பக்கம் அவள் போட்ட விசிலில் காது அடைத்தது.

இப்போது ரோஸி மஸ்கட்டில் இருக்கிறாள். என்னிடம் பட்டன் தட்டினால் கியர் மாறுகிற புதுச் சைக்கிள். செயின் தேய்ந்தால் கடைக்காரர்கள் வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போய், மாற்றித் துடைத்துக் கொண்டுவந்து விடுகிறார்கள். என் விரலில் ஒரு பொட்டுக் கிரீஸ் படுவதில்லை.

போன மாதம் அதில் நந்தி ஏறினேன். அன்றைக்கு ஆனதில் பாதி நேரம்தான். உச்சியில் ஃபோட்டோ எடுத்து ரோஸிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"சூப்பர்டி. ஆனா இதுல நீ இன்னா பண்ண?"

ஏறினது நான்தானே என்று டைப் செய்தேன். அனுப்பாமல் அழித்தேன்.

"ஒண்ணும் இல்லடி" என்று அனுப்பினேன்.