முன்னால் சின்னது, பின்னால் பெரியது

என் மனைவிக்குச் சித்தேரி மலைமேல் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். எழுபத்திரண்டாம் வருஷம் என்று நினைவு. நான் பாப்பிரெட்டிப்பட்டியில் புளி வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிவாரம் வரைக்கும் பஸ், அதற்கு மேல் அவளுக்கு நடைதான். எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் அவள் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் கடவுள் வாழ்த்தை முடித்துக் கணக்குப் பாடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். தலைமையாசிரியர் மூன்று முறை பொறுத்துக்கொண்டார். நான்காம் முறை, "டீச்சர், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு ரூம்பு காலியா கெடக்குது. இன்னொரு நாளு லேட்டானா அதுல குடி வந்துருங்க" என்று சொல்லிவிட்டார். குடி போனால் மாதத்துக்கு ஒரு தடவை கீழே வருவதே பெரிய காரியம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்காது.

அதனால் அவளைச் சில நாள் லீவு போடச் சொல்லிவிட்டு ஒரு ஜீப் வாங்கினேன். ராணுவம் கழித்துப் போட்டது, சேலத்தில் ஏலத்துக்கு வந்தது. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. டயர்கள் மட்டும் நான்கும் என் மாமனார் தலைபோல வழவழவென்றிருந்தன. மலைப்பாதையோ மண்ணும் சேறும் பாறையும் மாறி மாறி வருவது. வேறு டயர் போட்டே ஆகவேண்டும்.

தர்மபுரியில் பழைய டயரும் சக்கரமும் விற்கிற பாய் ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும், பேச்சு மட்டும் நூறு வயதுக்காரர்போல நிதானமாக வரும். அவருடைய கொட்டகைக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டவை அந்த இரண்டு டயர்கள். ஏதோ ராணுவ லாரியில் இருந்தவை, சக்கரத்தோடு சேர்ந்து கிடந்தன. டயர் மேல் துருத்திக்கொண்டிருந்த ஒவ்வொரு பொத்தானும் கொழுக்கட்டை அளவு. பார்த்ததும் மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அந்த அளவில் இரண்டுதான் இருந்தன.

"பின்னால இதைப் போட்டுட்டு முன்னால சின்னதா ரெண்டு போட்டுக்கலாம், பாய்."

"வேணாங்க. இது நாலு சக்கரமும் இழுக்கற வண்டி. நாலும் ஒரே ஒசரமா இருக்கணும்."

"டிராக்டரைப் பாருங்க. முன்னால சின்னது, பின்னால பெருசு. அது ஏரு ஓட்டலையா?"

"டிராக்டருக்கு முன்சக்கரம் சும்மா உருளுதுங்க. இதுக்கு அதுவும் இழுக்குது."

எனக்கு டயர் பாடம் நடத்த இவர் யார் என்று சுள்ளென்று கோபம் வந்தது. பரம்பரையாக ஏர் பிடித்த குடும்பம் நாங்கள். சக்கரம் கழற்றுகிற ஆள் எனக்கு டிராக்டரைப் பற்றிச் சொல்வதா? போல்ட் ஓட்டைகள் சேராததால் லேத்தில் கொடுத்துச் சரிசெய்து, மட்கார்டையும் வெட்டி, நினைத்ததை மாட்டிக்கொண்டுதான் வந்தேன்.

ஜீப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடுபோல நின்றது. கடைத்தெருவில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் டயரைத் தட்டிப் பார்த்தார், ஒருவர் சாண் போட்டு அளந்தார். நான் தேவையே இல்லாமல் மூன்று தடவை தெருவைச் சுற்றினேன். என் மனைவி மட்டும், "ஏங்க, முன்னால விழுந்துருவேன் போல இருக்குதுங்களே" என்றாள். போகப் போகப் பழகிவிடும் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை காலை கிளம்பினோம். அடிவாரத்தைத் தாண்டியதும் சேறு. முன்சக்கரங்களையும் இழுக்கவைக்கிற சின்ன லீவரை இழுத்தேன். நான்கு சக்கரமும் பிடித்தன, வண்டி சரசரவென்று ஏறியது. "பாத்தியா?" என்றேன். அவளும் சிரித்தாள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு அகங்காரமாக இருந்தது அந்தக் கால்மணி நேரம்தான்.

சேறு முடிந்து பாறை வந்தது. வண்டி முனக ஆரம்பித்தது. ஸ்டியரிங் இறுகியது. யாரோ பிரேக்கை மிதிப்பதுபோல மெல்ல மெல்ல அடங்கி, ஒரு வளைவில் நின்றேவிட்டது. லீவரை விடுவிக்கப் பார்த்தால் அது அசையவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். கெட்ட வார்த்தை ஒன்றும் சொன்னேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அப்போது தலையில் பலாப்பழத்தோடு மலைக்காரர் ஒருவர் வந்தார். பழத்தை இறக்கிவைத்துவிட்டு, முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒசந்த மாட்டையும் குட்டை மாட்டையும் ஒரே நொகத்துல பூட்டிட்டீங்களே?"

பாய் சொன்னதைக் காதில் வாங்காத எனக்கு இது சட்டென்று ஏறியது. ஒரு சுற்றுக்குப் பெரிய சக்கரம் போகிற தூரம் வேறு, சின்னது போகிற தூரம் வேறு. சேற்றில் வழுக்கிச் சமாளித்துக்கொண்டன. பாறையில் வழுக்க இடமில்லை, உள்ளேயே ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டன. ஜாக்கி வைத்துப் பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினேன். ஆள் தொடாமலே அது 'டொக்' என்று அரைச் சுற்றுச் சுற்றியது, லீவரும் விடுபட்டது. மலைக்காரர் பயந்து பழத்தைத் தூக்கிக்கொண்டார்.

என் மனைவி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோயிற்று. பையை எடுத்துக்கொண்டு மலைக்காரர் பின்னாலேயே மேலே நடந்துவிட்டாள். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று சாயங்காலம் அதே மனிதர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா ரூம்பு சாவி வாங்கிட்டாங்க. துணிமணி குடுத்தனுப்பச் சொன்னாங்க."

அன்று நான் சாப்பிடவில்லை. கடைத்தெருக்காரர்கள் பார்ப்பதற்காக டயர் வாங்கி, வண்டியில் ஏற வேண்டியவளைத் தொலைத்த முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் பாயிடம் போனேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஒரு கயிற்றை எடுத்து ஒவ்வொரு டயரையும் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு ஒப்பிட்டு, கொட்டகை முழுக்கத் தேடி, ஒரே அளவில் நான்கை எடுத்து வைத்தார். பார்வைக்குச் சப்பென்று இருந்தன. தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அந்த ஜீப், முனகாமல் முரண்டு பண்ணாமல், பள்ளிக்கூட வாசலில் போய் நின்றது. அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே திரும்பிப் போய் வகுப்பிலிருந்த மர ஸ்கேலை எடுத்து வந்து, முன்சக்கரத்தை அளந்தாள், பின்சக்கரத்தை அளந்தாள், சுற்றி வந்து மற்ற இரண்டையும் அளந்தாள். பிள்ளைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் கணக்குத் தப்பாகப் போட்டவன்போலக் கைகட்டி நின்றேன்.

அளந்து முடித்ததும் தலைமையாசிரியர் மேஜையில் சாவியை வைத்தாள். "ரூம்பு வேணாங்க சார்" என்றாள். நான் ஓடிப்போய் ஜீப்பில் ஏறினேன். அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திங்கக்கிழமை காலைல இதே நாலு டயரு இருக்கணும். அழகா இருக்குதுன்னு எதையாச்சும் மாத்தினீங்க, சாவியத் திருப்பி வாங்கிக்குவேன்."

அந்த ஜீப் என்னிடம் இருந்த வரைக்கும், பஞ்சர் ஒட்டுவதற்குக்கூட அவளைக் கேட்டுத்தான் சக்கரத்தைக் கழற்றினேன்.