முருகன் சொன்ன சாட்சி

டிக்கோயா தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பூரணிக்குக் கல்யாணப் படம் பிடிக்கிற ஆசை வந்தபோது லயமே சிரித்தது. கெமரா ஆண்பிள்ளை சாமான் என்பது அந்தப் பக்கத்து நினைப்பு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று அவள் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவுக்கு வேலைக்குப் போனாள். வருஷக்கணக்காகப் படம் கழுவிச் சேர்த்த சம்பளத்தில், 2007இல், பஜாரில் சோமசுந்தரம் முதலாளி கடையில் ஒரு டிஜிட்டல் கெமரா வாங்கினாள். புத்தம் புதுசு என்று முதலாளி சத்தியம் செய்தார்.

முதலாளி பெரிய பக்திமான். அவரிடம் கெமரா வாங்குகிறவர்கள் கல்லாவுக்கு மேலே இருக்கும் முருகன் படத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும். கைராசியாம். பூரணியும் எடுத்தாள். மாலையைச் சரிசெய்துகொண்டிருந்த முதலாளியும் முருகனோடு சேர்ந்து படத்தில் விழுந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழனியாண்டி கங்காணி மகளுக்குக் கல்யாணம். பூரணிக்குக் கிடைத்த முதல் கல்யாணம் அது. "பொம்பளப் புள்ள எடுத்தா ஒழுங்கா வருமா?" என்று இழுத்து இழுத்துத்தான் கங்காணி சம்மதித்திருந்தார்.

சனிக்கிழமை காலை, எடுத்துப் பழகிய படங்களைப் பெரிய திரையில் பார்க்க சதீஸ்குமாரின் இன்டர்நெட் கடைக்குப் போனாள். அவன் முருகன் படத்தைத் திறந்து ஏதோ ஒரு புரோகிராமில் போட்டான்.

"அக்கா, இந்தப் படத்த எடுக்கிறப்ப கெமரா மொத்தம் எத்தன படம் புடிச்சிருந்துச்சுன்னு இதுலயே தெரியும்ங்க."

தொண்ணூற்றோராயிரத்துச் சொச்சம். பூரணிக்குத் தலை சுற்றியது. லட்சத்தை நெருங்கினால் ஷட்டர் எந்த நேரமும் கையை விரித்துவிடும் என்று ஸ்டூடியோவில் சொல்லக் கேட்டிருக்கிறாள். நாளைக்கு மணவறையில் விரித்தால்? தாலி இன்னொரு தரம் ஏறாது. அதற்குப் பிறகு அவளை யாரும் எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிடப் போவதில்லை. அழுகை வந்தது. ஆனால் கோபம் அதை முந்திக்கொண்டது.

படத்தையும் எண்ணையும் ஒரே தாளில் அச்சடித்துக்கொண்டு கடைக்கு நடந்தாள். உள்ளே சனிக்கிழமைக் கூட்டம்.

"மொதலாளி, இது தொண்ணூறாயிரம் படம் புடிச்ச பழைய கெமராங்க!"

முதலாளி அசைந்தாரா என்ன? "கொண்டுபோனது நீதானே தங்கச்சி. லயத்துப் புள்ளைங்க எல்லாம் சேந்து அமுக்கியிருக்கும்."

கூட்டம் சிரித்தது. பூரணி தாளைக் கல்லாமேல் விரித்தாள்.

"அப்ப இதப் பாருங்க. நீங்க எடுக்கச் சொன்ன மொதப் படம். முருகன் பக்கத்துல நிக்கிறது யாருங்க? இத எடுக்கிறப்பவே இந்தக் கணக்கு ஏறியிருக்கு. அப்ப கெமரா ஒங்க கடையவிட்டு வெளிய போகவே இல்லையே!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். முதலாளி தன் பக்தியால் கெட்டார். "முருகனையே சாட்சிக்கு இழுத்துட்டாளே!" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் தொடையைத் தட்டினார். கொழும்பில் முதலாளியின் மச்சான் ஸ்டூடியோவில் ஓடிக் களைத்த கெமரா என்பது மெல்ல மெல்ல வெளியே வந்தது. பின்னாலேயே உள்ளறையிலிருந்து ஒட்டுப் பிரியாத பெட்டி ஒன்றும் வந்தது.

பூரணி தன் கையாலேயே ஒட்டைக் கிழித்தாள். இந்தத் தடவை முருகனைத் தொந்தரவு செய்யவில்லை, முதலாளியின் மூஞ்சியைத்தான் எடுத்தாள். அதைச் சதீஸ்குமாரிடம் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தால், ஒற்றை இலக்கம்! அவளுக்கு வந்த சந்தோஷத்தில் கடை அதிரச் சிரித்தாள்.

மறுநாள் மூன்று முடிச்சும் மூன்று படமாக விழுந்தன. கங்காணி கெமராத் திரையில் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குடும்பப் படத்துக்கு நிற்கும்போது, விடிந்தால் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க வரும் அத்தனை பேரையும் அதட்டி வரிசையில் நிறுத்துகிற அந்த மனிதர், அவளிடம் கேட்டார்:

"நான் எங்கம்மா நிக்கட்டும்?"

"நடுவுல வாங்க மாமா. நிமிந்து நில்லுங்க!"

கங்காணி நிமிர்ந்து நின்றார்.