அலுமாரியில் பூட்டிய குளிசை

வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த என் தம்பி ஹெரோயினை விட்டு ஒன்பது மாதமாகியிருந்தது. விட வைத்தது, நாக்கின் கீழ் வைத்துக் கரைக்கும் ஒரு சின்னக் குளிசை. ஏக்கத்தை அடக்கி, மனிதனை வேலைக்குப் போகவும் வயிறாரச் சாப்பிடவும் விடுகிற மருந்து. எங்கோ யாரோ ஆய்வுகூடத்தில் ஆண்டுக்கணக்காக மினக்கெட்டு உருவாக்கிய அதை, படித்த குடும்பம் என்று பெயரெடுத்த நாங்கள் ஒரே மாதத்தில் வீணாக்கினோம்.

எங்கள் சபையில், கெட்ட பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். அம்மா தம்பியின் பெயரைக் கொடுத்துவிட்டார். போதகர் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்தபடி சொன்னார்:

"ஆண்டவர் விடுதலை தந்தாப் பிறகு குளிசை ஏன் தம்பி? உதுவும் போதைதானே. பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது."

அவர் போனதும் தம்பி என்னிடம் வந்தான். "அக்கா, உதை விட்டா என்னாலை ஏலாது. டொக்டர் வடிவாச் சொன்னவர்."

"சாட்சி சொல்லும் மட்டும் பொறு. பிறகு நான் தாறன்," என்றேன். குளிசைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டியவள் நான்தான். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நான்.

சாட்சி சொன்ன அன்று அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று பின்வரிசையில் ஒருவர் அழுதார். என்ன ஆவியானவர்! மருந்தை நிறுத்திய உடம்பு நடுங்கியது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அலுமாரித் திறப்பைக் கேட்டான். அம்மா குறுக்கே நின்றார்.

"சபைக்கு முன்னாலை சொன்னதைப் பொய்யாக்கப் போறியோ?"

நான் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சாட்சி சொன்ன மூன்றாம் கிழமை அவன் அரியாலைப் பக்கம் போய் ஹெரோயின் வாங்கி, பழைய அளவிலேயே ஏற்றிக்கொண்டான். குளிசையும் இல்லாமல், பழக்கமும் விட்டுப்போன உடம்பு அதைத் தாங்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

செத்தவீட்டில் போதகர் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, கொஞ்சம் தண்ணி தாங்கோ. பிரஷர் குளிசை போட வேணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "இருபது வருசமாப் போடுறியள் ஐயா. உதை எப்ப விட்டிட்டுச் சாட்சி சொல்லப் போறியள்?"

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். போதகர் தலை குனிந்தபடி குளிசையை விழுங்கினார்.

அவரை மட்டும் கேட்டு என்ன? அலுமாரித் திறப்பு அப்போதும் என் இடுப்பில்தான் இருந்தது.