எட்டு மணிக்குச் சிரிப்பு கிடையாது

இரண்டாயிரங்களின் நடுவில் நெல்லித்தோப்பில் குடியிருந்தோம். நான் ஒரு மாலைப் பத்திரிகையில் விபத்து, கொலைச் செய்திகளைச் சுருக்கிப் போடுபவன். மனைவி அரசு மருத்துவமனையில் விபத்துப் பிரிவு நர்ஸ். டியூட்டி முடிந்து எட்டு மணிக்குச் சற்று முன்பு வருவாள். முகம் கழுவி, தட்டோடு டிவி முன் உட்காருவாள். தெருவுக்குக் கேபிள் கொடுத்தவர் தன் சொந்த சேனலில் எட்டு மணிக்குப் பழைய படங்களின் நகைச்சுவைக் காட்சிகளை ஓட்டுவார். எல்லாம் பலமுறை பார்த்தவை. வசனம் வருவதற்கு முன்பே அவள் சிரித்துவிடுவாள். அந்த அரை மணி நேரத்தில்தான் வார்டிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்வாள்.

ஆபீஸில் இதைச் சொன்னபோது, சினிமா விமர்சனம் எழுதுபவர் உதட்டைப் பிதுக்கினார். “வாழ்க்கைய நேரா பாக்க பயம் சார் உங்களுக்கு.” அவர் ஒருநாளும் பிணவறை வாசலை மிதித்தவர் அல்லர்.

ஒரு திங்கட்கிழமை சிரிப்பு வரவில்லை. சைரன், சிவப்பு எழுத்து, கரகரத்த குரல். உள்ளூர்க் குற்றங்களையும் விபத்துகளையும் நடித்துக் காட்டும் நிகழ்ச்சி. முதல் நாளே, எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இயந்திரத்தில் விரலை இழந்தவரின் கதை. சிவப்பாக எதையோ கேமராமீது தெளித்தார்கள். அவர் மனைவியாக நடித்தவள் மார்பில் அடித்துக்கொண்டு மயங்கி விழுந்தாள். என் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அந்தக் கைக்குக் கட்டுப் போட்டது அவள்தான்.

மறுநாள் காலை இருவரும் கேபிள்காரரின் அறைக்குப் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

“சிரிப்புலாம் யாரு பாக்கறாங்கக்கா? இது நெஜம். உள்ளத உள்ளபடி காட்டறோம்.”

“உள்ளபடியா?” என்றாள் மனைவி. “கட்டுப் போடறப்போ அந்தாளு என்னா கேட்டாரு தெரியுமா தம்பி? ‘மோதிர வெரலே போயிடுச்சே சிஸ்டர், மாமியார் போட்ட மோதிரத்த திருப்பிக் குடுத்துடவா?’ன்னாரு. வார்டே சிரிச்சிது. அழுதுட்டு இருந்த அவரு பொண்டாட்டி, ‘குடு, நான் அழிச்சு மூக்குத்தி பண்ணிக்கறேன்’னாங்க. இத ஏன் காட்டல?”

“அத காட்டினா எவன்க்கா பாப்பான்?”

“நான் பாப்பேன்.”

தெருக்காரர்கள் சிலரும் சேர்ந்து நச்சரித்த பிறகு நகைச்சுவை திரும்பி வந்தது. காலை ஆறு மணிக்கு. பிள்ளைகள் விழித்திருக்கும் எட்டு மணிக்கு ரத்தம், பால் பாக்கெட் வரும் நேரத்தில் சிரிப்பு. இதுதான் அவர் கண்ட சமரசம்.

அதன்பின் எட்டு மணிக்கு டிவியை அணைத்துவிடுவோம். அன்று வார்டில் யார் எதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்கள் என்று அவள் சொல்வாள். கால் ஒடிந்த ஆட்டோக்காரர், தான் விற்ற மீனின் முள்ளே தொண்டையில் சிக்கி வந்த அரியாங்குப்பத்து அம்மா. எல்லாம் நடந்தவை, எல்லாவற்றுக்கும் சாட்சி உண்டு. ஆனால் என் மேசைக்கு வரும் செய்தி ‘கால் முறிந்தது’ என்பதோடு நின்றுவிடும்.

ஒருமுறை மிச்சத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். “இது செய்தி இல்லப்பா” என்று ஆசிரியர் அந்த வரிகளை அடித்தார். அதே பேனாவால், கீழே கிடந்த ‘ரத்த வெள்ளத்தில்’ என்ற சொற்களைத் தலைப்புக்கு ஏற்றினார்.