முன்னறைக்கு வந்த பல்லக்கா

அந்தப் பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பதினாறு வருஷமாகச் செயற்கைப் பல் செய்துகொண்டிருந்தவளை எல்லோரும் பல்லக்கா என்றே கூப்பிட்டார்கள். ஒரு நாளில் அவள் பேசும் வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பழைய டாக்டரும் அதே ரகம்தான். அவர் சீட்டில் எழுதி அனுப்புவார், இவள் செய்து அனுப்புவாள். இருவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

அவர் ஓய்வு பெற்றதும் புதியவர் வந்தார். வயதில் சிறியவர், தங்கமான மனுஷன், ஆனால் வாய் ஓயாது. சீட்டு எழுதும் பழக்கமே கிடையாது. எல்லாம் நேரில், கையை ஆட்டி, தோளைக் குலுக்கி, நடுநடுவே பெரிய சிரிப்போடு.

ஒருநாள் ஒரு வாத்தியாரின் முன்பல்லுக்கு உறை தயாராகியிருந்தது. "இந்த நிறம் ஒத்துவராது, சார்" என்றாள் பல்லக்கா. டாக்டர் யாரிடமோ தன் மலைப் பயணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "சூப்பர், குடுங்க, போட்டுடலாம்!" என்றார்.

போட்டு முடித்ததும் வாத்தியார் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார். "என்ன டாக்டர் இது, ஒரே ஒரு பல்லுக்கு டியூப்லைட் மாட்டி விட்டிருக்கீங்க!"

டாக்டர் பின்னறைக்கு ஓடி வந்தார். "ஏங்க்கா நீங்க சொல்லல?"

"சொன்னேன், சார்."

"எப்போ?" அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அவர் காதில் அது விழவில்லை.

வரவேற்பில் இருந்த பெண்தான் வழி சொன்னாள். "அக்கா, அவர்கிட்ட விஷயத்தை மொட்டையா சொன்னா ஏறாது. முதல்ல அவர் கதையைக் கொஞ்சம் கேளுங்க, சிரிங்க. அப்புறம் உங்க விஷயத்தையும் கதையாவே விடுங்க."

பல்லக்கா கதவைச் சாத்திக்கொண்டு, அலமாரியில் வரிசையாக இளித்துக்கொண்டிருந்த சாந்தில் வார்த்த தாடை அச்சுகளிடம் பேசிப் பழகினாள். வெட்கத்தில் காது சுட்டது.

அடுத்த வாரம் இன்னொரு பல் தகராறு செய்தது. "சார், மலை கதை பாதியில நிக்குதே!" என்று ஆரம்பித்து, முழுக்கதையையும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள். "இந்தப் பல்லைப் பாருங்க, புது மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு வந்து நிக்குது. பக்கத்துல நிக்கிறவங்கல்லாம் பழைய சட்டையில இருக்காங்க. போட்டோ எப்படி சார் நல்லா வரும்?"

டாக்டர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "மாத்துங்கக்கா, உடனே மாத்துங்க!"

அதற்குப் பிறகு ஒரு பல்லும் தப்பாகவில்லை. வந்த வினை வேறு.

"இவ்வளவு பேச்சை வச்சுக்கிட்டு உள்ள ஒளிஞ்சிட்டிருந்தீங்களா?" என்று டாக்டர் அவளை முன்னறையில் உட்காரவைத்துவிட்டார். பயந்து வருகிறவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும். அதுதான் இனி அவள் வேலை. பல் செய்யும் வேலை வெளியே ஒரு பல் லேபுக்குப் போய்விட்டது. காலையில் போட்டுக்கொண்ட சிரிப்பு சாயங்காலம் தாடையில் வலியாக இறங்கியது.

"முன்னாடியும் நீ பேச மாட்ட" என்றார் அவள் கணவர் ஒருநாள், சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டே. "ஆனா பக்கத்துல இருப்ப. இப்போ அதுவும் இல்ல."

மறுநாள் அவள் டாக்டரின் அறைக்குப் போனாள். அவரிடம் எப்படிப் பேசினால் காதில் விழுமோ, அப்படியே பேசினாள். "சார், ஊர்ப்பட்ட பல்லைப் பிடுங்குற உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். என்னை இந்த நாற்காலியிலருந்து பிடுங்கி, பின்னாடி நட்டுடுங்க!"

டாக்டருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "இதுக்குத்தான்க்கா உங்களை முன்னாடி உட்கார வச்சேன்!"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு தன் பழைய குரலில், மெதுவாக, "எனக்கு இந்த வேலை முடியல, சார்" என்றாள்.

அவர் சிரிப்பு சட்டென்று நின்றது. எழுந்து வந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா? என்னமோ போல இருக்கீங்களே. இன்னைக்கு லீவு எடுத்துக்கோங்க, நல்லாத் தூங்குங்க. நாளைக்குப் பழையபடி கலகலன்னு வரணும்!" என்றவர், அவளுக்காக ஆட்டோவையும் அவரே அழைத்தார்.

மறுநாள் அவள் கதவைத் திறந்தபோது முன்னறையில் நான்கு பேர் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். "வந்துட்டாங்கய்யா நம்ம ஆளு!" என்று டாக்டர் இரண்டு கையையும் விரித்தார். என்ன சொல்வது என்று அவள் யோசிக்கக்கூட இல்லை. அதற்குள் அவள் வாய் ஏதோ சொல்லிவிட்டது; கன்னத்தைப் பிடித்திருந்த நான்கு பேரும் சிரித்தார்கள்.