வெந்நீருக்கு என்னென்ன வேணும்?

எங்க அக்கா வீட்டில் ஹீட்டர் மாட்டி ஒரு மாசம் ஆகப் போகிறது.

இதில் என்ன பெரிய சேதி என்பீர்கள். கடைக்குப் போனோமா, வாங்கினோமா, ஆளைக் கூப்பிட்டு மாட்டினோமா... அவ்வளவுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பொருளைத் தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே அதற்குப் பயந்து முடித்துவிடுவேன் - வாராவாரம் படிக்கிற உங்களுக்கு அது புதுசில்லை. ஆனால் இந்த ஹீட்டர் விஷயத்தில் நான் பயந்தது ஒன்றுகூட நடக்கவில்லை. பயப்படாமல் விட்டது ஒன்று இருந்தது. அது நடந்தது.

அக்கா பாம்பன் பக்கம் கடலோரத்தில் தனியாக இருக்கிறாள். முப்பது வருஷத்துக்கு மேல் கடலில் முங்கிப் பாசி எடுத்தவள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, விரலில் துணிச் சுற்று, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்து உள்ளே போய், பாரில் ஒட்டியிருக்கிற பாசியைப் பிய்த்துக்கொண்டு வரவேண்டும். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் அந்தப் பார்க் கல் கத்தி மாதிரி. கை கால் கிழியாமல் கரையேறிய பொம்பளை எங்கள் பக்கம் கிடையாது. அத்தான் போன பிறகும் அவள் விடவில்லை. இந்த வருஷத் தவக்காலத்தோடுதான், முட்டி மடங்கவில்லை என்று நிறுத்தினாள்.

மகன் ஜெரால்டு வளைகுடாவில் மீன்பிடி போட்டில் வேலை செய்கிறான். அவன்தான் எனக்குப் போன் போட்டான்.

"சித்தி, அம்மாவுக்கு வாடையில உடம்பெல்லாம் குத்துதாம். அடுப்புல வெந்நி வச்சுத் தூக்கவும் முடியலைங்குது. ஒரு ஹீட்டர் மாட்டி விடுங்க. பணம் போட்டு விடுறேன்."

சரி என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது பயம். ஷாக் அடித்தால்? வெடித்தால்? அணைக்க மறந்தால்?

உச்சிப்புளியிலிருந்து சிக்கந்தர் வந்தார். எலக்ட்ரீஷியன், புதுமடத்துக்காரர். அக்கா வீட்டுப் பின்பக்கம் குளிக்கிற மறைப்பைச் சுற்றி வந்தார். மூன்று பக்கம் ஹாலோ பிளாக், நாலாவது பக்கம் வீட்டுச் சுவர், மேலே வானம். பிளாக்கைத் தட்டினார்.

"இது தாங்காதுக்கா. தண்ணியோட சேர்ந்தா நல்ல கனம் வரும். வீட்டுச் சுவத்துல மாட்டலாம். ஆனா மேல கூரை வேணும். மழை நனையுற எடத்துல கரண்டு சாமான மாட்டி, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னையத்தான் தேடுவீங்க."

கூரை போட்டால் போதுமா? போதாது. ஹீட்டருக்குத் தண்ணீர் மேலேயிருந்து வரவேண்டும். அதற்கு டேங்க். டேங்குக்கு ஏற்ற மோட்டார். வீட்டில் ஓடுகிற ஒல்லி வயர் தாங்காது, மீட்டரிலிருந்து தனியாகத் தடி வயர். பெரிய பிளக், ட்ரிப் ஆகிற சுவிட்ச், கட்டாயம் எர்த். போருத் தண்ணீர் ஒரே உப்பு - உள்ளே இருக்கிற காயிலில் சுண்ணாம்பு மாதிரிப் படிந்து வருஷத்துக்குள் தின்றுவிடுமாம். நல்ல தண்ணீர்தான் விடணுமாம்.

அக்கா சிரித்தாள். "குடிக்கிற தண்ணியே குழாய்ல என்னைக்காச்சும்தான் வருது. அதப் புடிச்சு, சுட வச்சு, முதுகுல ஊத்தவா? ஏடி மேரி, இதுக்கு நான் அரண்மனையிலதான் பொறந்திருக்கணும்."

எனக்கு வேறு கவலை. "தம்பி, எர்த் வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? எலி கடிச்சா? இடி விழுந்தா?"

சிக்கந்தர் டெஸ்டரைப் பையில் சொருகிக்கொண்டு கேட்டார்: "அக்கா... நீங்க மாட்டச் சொல்றீங்களா, வேணாம்னு என் வாயால சொல்லச் சொல்றீங்களா?"

மாட்டத்தான் சொன்னேன். ஜெரால்டு அனுப்பியது டேங்கோடு தீர்ந்தது. வயருக்கும் பைப்புக்கும் நான் கொடுத்தேன். கூரை ஷீட்டுக்குப் பாசி விற்று வைத்திருந்ததை அக்கா எடுத்தாள். ஹீட்டர் விலை என்ன என்று யாராவது கேட்டால் பெட்டியில் போட்டிருக்கிற விலையைச் சொல்லாதீர்கள். வெந்நீர் வருவதற்கு முன்னால் வீடு ஒரு வீடாக வேண்டியிருக்கிறதே, அது எந்தப் பெட்டியில் போட்டிருக்கிறது?

எல்லாம் முடிந்த அன்றைக்கு சிக்கந்தர் சுவிட்சைப் போட்டார். சிவப்பு லைட் எரிந்தது. நான் வாசற்படியில், ரப்பர் செருப்போடு நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் குழாயைத் திறந்தார்.

"கைய வச்சுப் பாருங்கக்கா, ஒங்க வீட்டு வெந்நி."

அக்கா கையை நீட்டினாள். தண்ணீர் உள்ளங்கையில் விழுந்து வழிந்தது. அப்படியே வைத்திருந்தாள்.

"இன்னும் சூடு வரலையே தம்பி."

ஆவி பறந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிகிறது, சிக்கந்தருக்குத் தெரிகிறது. அவர் எட்டிக் குழாயை மூடினார். நான் ஓடிப்போய்த் தொட்டேன். குழாய் நுனியில் நின்ற கடைசிச் சொட்டு என் விரலைச் சுட்டது.

அக்காவின் உள்ளங்கை சிவந்திருந்தது. அவள் அதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"பாசி எடுத்த கை... தடிச்சுப் போச்சு," என்றாள்.

அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். பாதத்தில் ஆறாத புண்கள். எப்போது கேட்டாலும் "பார் கிழிச்சது" என்பாள். அவள் கடலில் இறங்கித்தான் பல மாசம் ஆகிறதே? எந்தப் பார் வீட்டுக்குள் வந்து கிழித்தது?

"அக்கா... அடுப்பு வெந்நிய அப்படியேவா கால்ல ஊத்துன?"

அக்கா காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். சிக்கந்தர் ஹீட்டருக்கு அடியில், சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகை முடிந்த மட்டும் குறைத்து வைத்தார். கூலியை எண்ணாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வாரேன்க்கா" என்று மெதுவாகக் கிளம்பினார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ஒரு குச்சியால் பாதத்தை இங்கன அங்கன குத்திக் குத்தி, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டார். அக்கா ஒரு தடவை தெரியுது என்றாள். அப்போது குச்சி காலில் இல்லை. சுகர், நரம்பைத் தின்றுவிட்டதாம். கையிலும் காலிலும் உணர்ச்சி போய்விட்டது, திரும்பி வருவது கஷ்டம். புண் பெரிதானால் காலே போகலாம். "வெந்நீரில் குளிக்கலாம்மா. ஆனா வேற ஒருத்தர் தொட்டுப் பார்த்த பிறகுதான்," என்றார்.

வேற ஒருத்தர்... அக்கா வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அன்று சாயங்காலம் ஜெரால்டு வீடியோ காலில் வந்தான். "அம்மா, தண்ணி நல்லா சுடுதா?"

"நல்லா இதமா இருக்குப்பா. வலியெல்லாம் ஓடிருச்சு. இந்தா பாரு," என்று போனைச் சிவப்பு லைட்டுக்கு நேரே காட்டினாள். அவன் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்துப் பார்க்கிறேன். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

போனை வைத்த பிறகு சொன்னாள்: "சொன்னா நாளைக்கே ஏறி வந்துருவான்டி. வாங்குன கடன் அடையல. வந்து இங்கன என் காலையா பாத்துக்கிட்டு இருப்பான்?"

"அப்போ என்கூட ராமநாதபுரத்துக்கு வா."

"டவுன்ல ஜன்னலத் தொறந்தா அடுத்த வீட்டுச் சுவரு. எனக்கு மூச்சு முட்டும்."

தண்ணீருக்கடியில் மூச்சைப் பிடித்தே பிழைத்தவள் சொல்கிறாள்.

திருகைக் குறைத்து வைத்தாயிற்றே, இன்னும் என்ன பயம் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். உப்புக் காற்று அடிக்கிற இடத்தில் எந்தத் திருகு சொன்ன பேச்சைக் கேட்கும்? அதனால் ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் அக்கா பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறாள். மகன் போன் பண்ணும்போது மட்டும் சுவிட்சைப் போடுகிறாள். லைட் எரிகிறது. அவன் நிம்மதியாகக் கடலுக்குப் போகிறான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் பஸ் ஏறிவிடுகிறேன். பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கை வரை விட்டுப் பார்த்து, பிறகுதான் முதல் செம்பு. இந்த வாரமும் அவள் காலில் மெல்ல ஊற்றிக்கொண்டே, பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்: "சூடு போதுமாக்கா?"

அவள் தன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத நீதான்டி சொல்லணும்."